நாற்பது நாளும் ஓர் ஆமணக்குச் செடியும்

போன வெள்ளிக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில் வேதபாட வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஐயா, மோசே ஒரே ஒரு தடவை கோபத்தில் கன்மலையை அடித்தார், அதற்காகக் கானான் தேசத்துக்குள் நுழையவே கூடாது என்று கர்த்தர் சொல்லிவிட்டார். யோனா கர்த்தரிடமே நேருக்கு நேர் கோபித்துக்கொண்டார்; அவருக்குத் தண்டனை இல்லை, உட்கார நிழல்தான் கிடைத்தது. இதில் என்ன நியாயம்?” நான் வாய் திறப்பதற்குள் இரண்டாவது கேள்வியும் வந்தது. தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18-ஆம் அதிகாரம் சொல்கிறதே, நாற்பது நாளில் கவிழும் என்று யோனா சொன்ன நினிவே கவிழவில்லையே, அப்படியானால் யோனா யார் என்றார். மூன்றாவதைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதால் அவருடைய அப்பா நான்கு நாள் படகை எடுக்கவில்லை; புயலோ ஆந்திரக் கரைப் பக்கம் திரும்பிவிட்டது; கூண்டு ஏற்றியவர்கள் எல்லாரும் பொய்த் தீர்க்கதரிசிகள் என்று அப்பா அன்று முதல் வீட்டில் எரிந்து விழுகிறார்; இந்தக் கோபம் பாவமா என்பது அந்தக் கேள்வி.

வாசலில் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்விகளாக அவை எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் எழுதித் தருவதாகச் சொன்னேன். மூன்றும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது என் எண்ணம். எச்சரிக்கை காதில் விழும் நேரத்துக்கும் எச்சரித்த காரியம் வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே கடவுள் ஓர் இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளிக்குத்தான் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு ‘நீடிய சாந்தம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. திருமறை கண்டிக்கிற கோபம் பெரும்பாலும் அந்த இடைவெளியைச் சகிக்கமாட்டாத கோபம்.

கூண்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள் என்று 1 முதல் 11 வரை எண்ணிட்டு ஏற்றப்படும் அந்த அடையாளங்களில் முதலாவது, தொலைவில் கடலில் ஒன்று உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்று மட்டுமே சொல்கிறது. எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. ஆனால் ஏறிய கூண்டு ஒவ்வொன்றும் நிறைவேறித்தான் தீர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புயல் திரும்பிப் போகட்டும், கூண்டு இறங்கட்டும் என்றுதான் ஏற்றியவரும் விரும்புகிறார். போதாக்குறைக்கு, திரும்பிப் போனது என்று நாம் சொல்வதும் எப்போதும் முழு உண்மையாக இருப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திரத்தில் பாபட்லா அருகேதான். ஆனால் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் நடந்தவர்கள், புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இனி உபாகமத்துக்கு வருவோம். அந்த வசனம் இருப்பது உண்மை. ஆனால் அதைத் தனியே பிடுங்கி வாசிக்கக் கூடாது என்பதைத் திருமறையே ஒரு வழக்கின் மூலம் நமக்குக் காட்டுகிறது. எரேமியா 26-ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்துக்கு அழிவு வரும் என்று பேசியதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று ஆசாரியர்கள் கூச்சலிடுகிறார்கள். அப்போது தேசத்து மூப்பர்களில் சிலர் எழுந்து, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சங்கதியை நினைவூட்டுகிறார்கள்: சீயோன் வயல்வெளியாக உழப்படும் என்று மீகா எசேக்கியா ராஜாவின் காலத்தில் சொன்னார்; ராஜா அவரைக் கொன்றானா? பயந்து மன்றாடினான், கர்த்தரும் தாம் சொல்லியிருந்த தீங்கைச் செய்யவில்லை. அதாவது, நடக்காமற்போன ஒரு தீர்க்கதரிசனத்தையே சாட்சியாக நிறுத்தி இன்னொரு தீர்க்கதரிசியின் உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட மீகா பொய்யர் என்று தோன்றவில்லை. இதற்கான விதியை எட்டு அதிகாரங்களுக்கு முன்பு, குயவன் வீட்டில், எரேமியாவே கேட்டிருக்கிறார்: ஒரு ஜாதியை அழிப்பேன் என்று நான் சொன்னபின், அந்த ஜாதி தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யமாட்டேன். எச்சரிக்கைக்குள் அந்த ‘ஆல்’ என்கிற விகுதி எப்போதும் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரியாவிட்டாலும்.

யோனாவின் பிரசங்கத்தில் அது வெளியே தெரியவே இல்லை. எபிரேயத்தில் அது ஐந்தே சொற்கள். “இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்.” மனந்திரும்புங்கள் என்று கிடையாது, திரும்பினால் பிழைப்பீர்கள் என்றும் கிடையாது. வகுப்பில் இதை வாசிக்கும்போதெல்லாம், ஒரு பெரிய நகரத்துக்குச் சொல்லி அனுப்பப்பட்ட செய்தியை இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்ட தீர்க்கதரிசி வேண்டுமென்றே கதவை அடைத்துவைத்தாரோ என்ற சந்தேகம் எனக்கு வரும். ஆனாலும் அந்த மக்களுக்கு அடைத்த கதவின் இடுக்கு தெரிந்துவிட்டது. அழிவு நிச்சயம் என்றால் நாற்பது நாள் எதற்கு? இன்றிரவே கவிழ்த்துவிடலாமே. நாள் குறித்துச் சொல்கிறவர் அவகாசம் தருகிறார் என்று பொருள். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான்; “யாருக்குத் தெரியும்” என்ற ஒற்றை நம்பிக்கையோடு மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட உபவாசம் அறிவிக்கிறான். ‘கவிழ்தல்’ என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல்லுக்குப் புரளுதல், மாறுதல் என்ற பொருளும் உண்டு. அந்த வகையில் பார்த்தால் நினிவே புரளத்தான் செய்தது, யோனா நினைத்த விதத்தில் அல்ல.

இதோடு வைத்து வாசிக்க வேண்டிய இன்னொரு ராஜா எருசலேமிலேயே இருந்தான். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருள் யோயாக்கீமுக்கு முன் வாசிக்கப்பட்டபோது, அது குளிர்காலம், எதிரே கணப்பில் நெருப்பு. மூன்று நான்கு பத்திகள் வாசித்தானதும் கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். பிறகு அடுத்த மூன்று நான்கு பத்தி, மறுபடியும் கத்தி. ஒரேயடியாகக் கிழித்து எறிந்திருந்தால் கோபம் என்று சொல்லலாம். நிதானமாக, கேட்டுக் கேட்டு அறுத்தான் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது ஆண்டுகள் செல்லுமுன் எருசலேம் எரிந்தது. அங்கே நினிவேயின் ராஜா சாம்பலில் உட்கார்ந்தான், இங்கே யூதாவின் ராஜா எச்சரிக்கையைச் சாம்பலாக்கிக் குளிர்காய்ந்தான்.

நினிவே பிழைத்தது யோனாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம். நினிவே என்பது இன்றைய ஈராக்கில் மோசூல் நகரத்துக்கு எதிரே, டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த அசீரியரின் மாநகரம். பிடித்த ஊர்களை அந்த அரசு என்ன செய்தது என்பதை அவர்களே தங்கள் அரண்மனைச் சுவர்களில் செதுக்கிவைத்திருக்கிறார்கள். யோனா வட இஸ்ரவேலின் காத்தேப்பேர் ஊர்க்காரர் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது. அந்த வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை கி.மு. 722 வாக்கில் முடித்துவைத்ததும் இதே அசீரியாதான். ஆகவே, தன் ஜனத்தை விழுங்கப்போகிறவன் பிழைத்துப்போகிறானே என்ற வயிற்றெரிச்சல் அது. காரணமுள்ள கோபம்.

அந்தக் கோபத்தில் அவர் பேசுவதைக் கவனியுங்கள்: நீர் இரக்கமும் மனஉருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் நினிவேக்குப் போகச் சொன்னபோது கப்பலேறித் தர்ஷீசுக்கு ஓடினேன். சீனாய் மலையில் மோசேக்குச் சொல்லப்பட்ட அதே சொற்கள், யாத்திராகமம் 34-இல் உள்ளவை. இஸ்ரவேலர் துதியாகப் பாடியதை இவர் புகாராகச் சொல்கிறார். திருமறை முழுவதிலும் கடவுளை அவருடைய பொறுமைக்காகவே குற்றஞ்சாட்டுகிற இடம் இதைப்போல வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. அதிலும், அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் யோனா யோப்பா துறைமுகத்தைத் தாண்டியதுமே கதை முடிந்திருக்கும். கடலில் எறியப்பட்டும் மீனின் வயிற்றில் மூன்று நாள் அவகாசம் வாங்கியவர் அடுத்தவனுக்குக் கிடைத்த நாற்பது நாளுக்காகக் கொதிக்கிறார்.

மொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நமக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், எபிரேயருக்கும் அப்படியே. மூக்கைக் குறிக்கும் சொல்லே அவர்களிடத்தில் கோபத்தையும் குறிக்கும். நீடிய சாந்தம் என்பதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் ‘நீண்ட மூக்கு’ என்றுதான் வரும். சூடு ஏறுவதற்கு நெடுநேரமாகிற மூக்கு, நீண்ட மூச்சு. யோனாவின் கோபத்துக்கு அங்கே வருவது ‘எரிதல்’ என்னும் பொருளுடைய சொல். அதை ‘எரிச்சல்’ என்று பெயர்த்தவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். “நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?” என்று கர்த்தர் கேட்கிறார். இதே சொல், இதே தொனி, ஆதியாகமம் 4-இல் காயீனிடமும் வருகிறது: “உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?” அதைத் தொடர்ந்து, பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும். திருமறையில் கோபத்தைப் பற்றிய முதல் எச்சரிக்கை அதுவே. கோபமாக இருப்பவனிடமே, காரியம் நடப்பதற்கு முன்பே, கேள்வி வடிவத்தில் அது வருகிறது.

காயீன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் அவன் தம்பியோடு பேசுகிறான், வயல்வெளிக்குப் போகிறார்கள், மற்றது உங்களுக்குத் தெரியும். யோனாவோ பதில் சொல்கிறார்: ஆம், நான் மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான் என்கிறார். அடங்காத பதில், மரியாதையில்லாத பதில் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடவுளிடம் கொட்டிய கோபம் வேறு ஒருவர்மேலும் கை வைக்கவில்லை. யோனாவுக்கு ஏன் தண்டனை இல்லை என்ற உங்கள் முதல் கேள்வியின் பாதிக்கு இதுவே என் பதில்.

மீதிப் பாதி மோசேயைப் பற்றியது. அதற்கு நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 ஜூன் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்ட கோடை அது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதாகச் சொன்ன நேரம் காலை ஆறு, வந்தது பதினொன்றரை. வெயிலில் குடங்களின் வரிசை தெருமுனை வரை நின்றது; ஒரு குடத்தின் கழுத்தில் சிவப்புத் துணி, இன்னொன்றில் பெயின்ட்டில் போட்ட புள்ளி, தன் குடம் தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒழுங்குபடுத்தும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வரிசையைக் குறுக்கே தாண்டி இரண்டு குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தபோது, நான் கத்தினேன். கத்தியதோடு நிற்கவில்லை, ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்தத் தண்ணீர் உனக்கு ஒட்டாது என்று சொன்னேன். அவள் குடங்களை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். மாடியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைக் கழுவித் துடைக்கத் தண்ணீர் இல்லை என்பதைப் பக்கத்தில் நின்றவர்தான் பிறகு சொன்னார். அவள் வரிசையைத் தாண்டியது சரி என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டவரை அந்த லாரிக்குப் பக்கத்தில் இழுத்து வந்து என் கோபத்துக்குத் துணை நிறுத்தியது நான்.

இப்போது எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அதிகாரத்தின் முதல் வசனத்தில் மோசேயின் அக்காள் மிரியாம் இறந்துபோகிறாள். இரண்டாவது வசனத்தில் தண்ணீர் இல்லை. துக்கம் ஆறாத மனிதரைச் சுற்றித் தாகமெடுத்த கூட்டம் கூடி, எங்களை ஏன் எகிப்திலிருந்து கொண்டுவந்தீர் என்று சண்டை போடுகிறது. பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று அதே புத்தகம் சான்று கொடுத்த மனிதர் அவர். கர்த்தர் சொன்னது: கோலை எடுத்துக்கொள், கன்மலையைப் பார்த்துப் பேசு, தண்ணீர் வரும். அந்தக் கட்டளையில் ஜனத்தின்மேல் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. தாகம் தீர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். மோசே ஜனத்தை நோக்கி, “கலகக்காரரே” என்கிறார். உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ என்கிறார். கோலை ஓங்கி இரண்டு தரம் அடிக்கிறார்.

கன்மலையை அடித்ததே குற்றம் என்று பலரும் பிரசங்கிப்பார்கள். முன்னொரு முறை, யாத்திராகமம் 17-இல், அடிக்கும்படிதான் கர்த்தர் சொல்லியிருந்தார். ஆகவே அடியைவிட அந்தச் சொல்லையே நான் கவனிக்கிறேன். 106-ஆம் சங்கீதமும் அவர் தம் உதடுகளினால் பதறிப்பேசியதைத்தான் எடுத்துக்காட்டுகிறது. அதே சங்கீதம் ஜனங்கள்தான் அங்கே கோபமூட்டினார்கள் என்று அவர்கள்மேலும் பழி வைக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கட்டளை கொடுத்தபோது கடவுள் காட்டாத கோபத்தை, கடவுளின் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, கடவுளின் பெயரால், மோசே காட்டினார். தண்ணீர் கேட்டு நின்றவர்கள் அன்று கடவுளின் முகத்தை மோசேயின் முகத்தில்தான் பார்த்தார்கள், அது சிவந்திருந்தது. ஜனங்களின் கண்களுக்கு முன்பாக என்னைப் பரிசுத்தம்பண்ணவில்லை என்று கர்த்தர் சொன்ன காரணம் இந்த வாசிப்போடு பொருந்துகிறது. தண்ணீர் நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். ஏராளமாகப் புறப்பட்டது, ஜனங்களும் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. தலைவருடைய கோபத்துக்காகத் தாகமெடுத்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. யோனா தன் கோபத்தைக் கடவுளிடம் கொண்டுபோனார். மோசே தன் கோபத்தைக் கடவுளுடையது என்று ஜனத்திடம் கொண்டுபோனார். வித்தியாசம் இவ்வளவே, ஆனால் பெரிய வித்தியாசம்.

அப்படியானால் கோபமே பாவமா? பவுல் எபேசியருக்கு எழுதும்போது கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்கிறார், சூரியன் அஸ்தமிக்குமுன் தணியட்டும் என்று கெடுவும் வைக்கிறார். இயேசுவே ஜெப ஆலயத்தில் சிலரைக் கோபத்துடனே பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார், அவர்கள் இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டார் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து. மலைப்பிரசங்கத்தில் நாம் வாசிக்கும் ‘நியாயமில்லாமல்’ என்ற சொல் மிகப் பழைய கைப்படிகள் சிலவற்றில் இல்லை. சகோதரன்மேல் கோபித்துக்கொள்பவன் என்று மட்டுமே அவற்றில் இருக்கிறது. எல்லாருக்கும் தன் கோபம் நியாயமாகத்தான் தெரியும் என்பதால், அந்தச் சொல் இல்லாமல் வாசித்துப் பழகுவது நமக்கு நல்லது என்பேன். நம் வள்ளுவர் சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்று நெருப்புக்குரிய பெயரால் அழைத்து, அது இனமென்னும் ‘ஏமப் புணையை’ச் சுடும் என்கிறார். புணை என்றால் தெப்பம். கரையில் நிற்பவனுக்கு அந்த உவமையின் பாதிதான் விளங்கும். நடுக்கடலில் தான் நிற்கும் கட்டுமரத்துக்கே தீ வைக்கிறவனை நினைத்துப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம்.

கடல் என்றதும் அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்வேன். எங்கள் சபையில் படகுக்காரர்கள் அதை வாசித்தால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருவர் குறுக்கே பேசுவார். யூதரின் பாவநிவாரண நாளான உபவாச நாள் கழிந்துவிட்டது, அதாவது மத்தியதரைக் கடலில் பயணம் செய்யும் பருவம் முடிந்துவிட்டது. (யூதர்கள் இன்றும் அதே உபவாச நாளின் பிற்பகலில்தான் யோனாவின் புத்தகத்தை ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.) கைதியாக ஏற்றப்பட்ட பவுல், இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்கிறார். நூற்றுக்கு அதிபதி, மாலுமியும் கப்பல் எஜமானும் சொல்வதை நம்புகிறான். அதை நான் பெரிய தவறு என்று சொல்லமாட்டேன், கடல் தெரிந்தவன் சொல்வதைக் கேட்பதுதானே வழக்கம். அவர்களைக் கெடுத்தது அடுத்து வந்த தென்றல். மெதுவாக அடித்தது, நினைத்தது கைகூடியது என்று நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று. எச்சரிக்கைக்குப் பிறகு வருகிற இதமான காற்றைப்போல ஆளைக் கொல்வது வேறில்லை என்பதை நீங்கள் கரையிலேயே பார்த்திருப்பீர்கள். பல நாள் அலைக்கழிந்தபின் பவுல், நீங்கள் என் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரே ஒரு முறை சொல்கிறார். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. சாப்பிடுங்கள் என்கிறார், அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாகப் பிட்டுத் தானும் சாப்பிடுகிறார். கப்பல் போயிற்று, இருநூற்றெழுபத்தாறு பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். கேட்காமற்போன எச்சரிக்கைக்குப் பிறகும் கடவுளிடம் சொல்ல வார்த்தை மிச்சமிருந்தது.

வார்த்தையே நின்றுபோவதும் உண்டு. இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுக்குச் சொப்பனத்தாலும் பதில் வரவில்லை, தீர்க்கதரிசிகளாலும் வரவில்லை. கூண்டுகளில் 11-ஆம் எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு நாள் துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அற்றுவிட்டது என்றார். பத்தாம் எண்ணின் பேராபத்துக்கும் மேலே அதை வைத்திருக்கிறார்கள்.

மண்ணடியில் புத்தகக் கடை வைத்திருக்கும் என் இஸ்லாமிய நண்பரிடம் இந்தக் கேள்விகளைச் சொன்னேன். யூனுஸ் நபி, அதாவது நம் யோனா, கோபமாகச் சென்றதைத் திருக்குர்ஆன் 21-ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது என்றார்; 68-ஆம் அத்தியாயத்தில், பொறுமையாக இருப்பீராக, மீனுடையவரைப் போல் ஆகிவிடாதீர் என்று நபிகளாருக்கே சொல்லப்படுகிறது என்றும் எடுத்துக்காட்டினார். எச்சரிக்கையைக் கேட்டுத் தப்பிய ஊராக யூனுஸின் ஊரை அங்கேயும் தனித்துச் சொல்லியிருக்கிறது. நம்முடைய ஆமணக்குச் செடிக்குப் பதில் அங்கே சுரைக்கொடி. இந்தச் செடியின் பெயருக்காகவே ஒரு சண்டை நடந்திருக்கிறது: 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருமறையை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் சுரையை மாற்றி வேறொரு கொடியின் பெயரைப் போட்டுப் பெயர்த்ததை வட ஆப்பிரிக்காவில் ஒரு ஆயர் வாசிக்கப்போய், சபையே கொந்தளித்து எழுந்ததாக ஆயர் அகுஸ்தீன் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். கோபத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை வாசிக்கும்போதே வந்த கோபம்.

ஆமணக்கை நீங்கள் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தின் ஓரம் பார்த்திருப்பீர்கள். குப்பைமேட்டில் யாரும் நடாமலே முளைக்கும், விரித்த கை போன்ற இலை, உள்ளே கூடான தண்டு. ஆடிக்காற்றுக்கே ஒடியும். புழு விழுந்தால் இரண்டு நாளில் இலையின் நரம்பு மட்டும் மிஞ்சும். யோனா நகரத்துக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, நினிவேக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது, கடவுள் நிழலுக்குத் தந்தது அதைத்தான். அவருக்கு அதன்மேல் மிகுந்த சந்தோஷம். மறுநாள் விடியலில் புழு, பிறகு உஷ்ணமான கீழ்க்காற்று, பிறகு மறுபடியும் எரிச்சல். நீ பாடுபடாததும் வளர்க்காததுமான ஒரு செடிக்காகப் பரிதபிக்கிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியில் நின்றுவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்பது எழுதப்படவில்லை. நினிவேயும் என்றென்றைக்கும் தப்பிவிடவில்லை. அவகாசம் தீர்ந்தபின் கி.மு. 612-இல் அது விழுந்தது, அந்த வீழ்ச்சியைப் பாடும் நாகூமின் புத்தகமும் கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர் என்ற வார்த்தையை முதல் அதிகாரத்திலேயே வைத்திருக்கிறது. தாமதம் என்று சிலர் எண்ணுவது உண்மையில் ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்கிற நீடிய பொறுமை என்று எழுதியவர் பேதுரு. நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் அதே இராயப்பர், அவரும் வலை வீசியவர்தான்.

உங்கள் அப்பாவின் கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான்கு நாள் வருமானம் போனது, டீசல் கடன் நிற்கிறது, பிடிக்காத மீனுக்கு யாரும் காசு தருவதில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, யோனாவின் கோபத்துக்கு இருந்ததைப் போல. அதைப் பாவம் என்று அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள், வசனத்தைக் காட்டி நிறுத்தவும் முயலாதீர்கள்; கன்மலைக்கு முன்னால் கோலோடு நிற்பது போலாகிவிடும். யோனா குடிசையில் உட்கார்ந்திருந்தபோது கடவுள் அவரை விட்டுப் போகவில்லை. நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ என்று இரண்டு தரம் கேட்டார், நடுவில் நிழல் கொடுத்தார். நாளைக் காலை அவர் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை லிட்டர் டீசல், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை 27-ஆம் அதிகாரத்தை எடுக்கிறோம்; நங்கூரத்தைத் தூக்கிய இடத்தில் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், வகுப்புக்கு வரச் சொல்லுங்கள்.